2யூ சர்வர் வந்திருக்கிறது: ரேக்கில் மாட்டுவதும் கேபிள் இழுப்பதும்

கேள்வி, 2 ஜூன் 2024, காலை 9.10

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை மேஜைக்கு அடியில் வைக்கிற டவர் சர்வர்தான் பழக்கம். இப்போது 2யூ ரேக் சர்வர் ஒன்று வந்து அட்டைப்பெட்டியோடு நிற்கிறது. ஸ்விட்சும், லேப் கேபிள்கள் வந்து முடிகிற பேட்ச் பேனலும் இருக்கிற ரேக் ஏற்கெனவே உண்டு, கீழே பாதி காலி. எல்லாமே 19 இஞ்ச்தானே, அதிலேயே மாட்டிவிடலாமா? விற்றவர் ‘ரெண்டு பேர் இருந்தா அரை மணி நேர வேலை’ என்கிறார். கேபிள் இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

பதில், 2 ஜூன், முற்பகல் 11.25

பெட்டியைப் பிரிக்க வேண்டாம் தம்பி. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ரேக்கின் ஆழத்தை அளந்துவிட்டு வாருங்கள்.

19 இஞ்ச் என்பது அகலம் மட்டும், 2யூ என்பது உயரம். முகப்புத் தகடு 482.6 மி.மீ., அது எந்த ரேக்கிலும் மாறாது. ஆழத்துக்கு அப்படி ஒரே அளவு கிடையாது. ஸ்விட்ச் மாட்டுவதற்கென்று வருகிற ரேக் 600 மி.மீ. ஆழத்தில்கூட இருக்கும். சுவரில் தொங்குவது அதைவிடக் குறைவு. 2யூ சர்வரின் உடம்பு பெரும்பாலும் 700 மி.மீ.க்கு மேல். இரண்டு அளவு வேண்டும்: முன் தூணிலிருந்து பின் தூண் வரை எவ்வளவு, முன் தூணிலிருந்து பின்கதவு வரை எவ்வளவு. முதலாவது, சர்வர் ஏறி நகர்கிற ரெயிலுக்கு. குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று ரெயிலோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். இரண்டாவது சர்வருக்கும், அதன் பின்னால் வளைந்து திரும்புகிற கேபிளுக்கும்.

பின் தூணே இல்லாத ரேக் என்றால் பேச்சே இல்லை. 25, 30 கிலோவை முன்காது இரண்டில் தொங்கவிடக் கூடாது.

2 ஜூன், மதியம் 1.05

ஒன்று விட்டுப்போயிற்று. முன்கதவு கண்ணாடியா, சல்லடையா? சர்வர் முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் சூட்டைத் தள்ளும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். ஃபேன் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடும்.

2 ஜூன், இரவு 10.40

துளைக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். 2013-இல் நான் முதன்முதலாக ரெயில் மாட்டியபோது ஒன்றரை மணி நேரம் போனது இதில்தான்.

1யூ என்றால் 44.45 மி.மீ. அதற்குள் மூன்று துளை. ஆனால் துளைகளுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்காது. 15.9, 15.9, அப்புறம் 12.7 மி.மீ. அந்தக் குறுகிய இடைவெளியின் நடுக்கோடுதான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். இது தெரியாமல் துளையை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன். இடது ரெயில் ஒரு துளை மேலே, வலது ரெயில் சரியான இடத்தில். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. சர்வரைத் தூக்கி வைத்தபோது பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நானும் ஒரு எலக்ட்ரீஷியனும் அதைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. தூணில் யூ எண் அச்சிட்டிருந்தாலும் நம்பாமல், நான்கு தூணிலும் அந்த இரண்டு யூவுக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். ரெயில் நான்கு டேப்புக்கு நடுவில் உட்கார வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இப்போதைய ரெயில்கள் பல சதுரத் துளையில் ‘டக்’ என்று தானே மாட்டிக்கொள்ளும், துளைக்குள் பொருத்துகிற கேஜ் நட் தேவைப்படாது. ஸ்விட்சுக்கும் பேட்ச் பேனலுக்கும் வேண்டும். கேஜ் நட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், வழுக்கினால் விரலைக் கிழிக்கும். அதற்கென்று ஒரு சின்னக் கொக்கி விற்கிறது, வாங்கி ரேக் கதவிலேயே தொங்கவிடுங்கள்.

4 ஜூன், பிற்பகல் 3.30

இன்று ஓட்டு எண்ணிக்கை. ஆபீஸ் முழுக்க டி.வி. முன்னால் நிற்கிறது, எனக்கு எழுத நேரம் கிடைத்தது.

தம்பி அளந்து அனுப்பிவிட்டார்: வெளி ஆழம் 600, தூணுக்குத் தூண் 480, முன்கதவு கண்ணாடி. சரி, அதில் முடியாது. அந்த ரேக் ஸ்விட்சுக்கே இருக்கட்டும். 1000 மி.மீ. ஆழத்தில், முன்னும் பின்னும் சல்லடைக் கதவோடு புதிது ஒன்று வாங்கச் சொல்லுங்கள். 42யூ வேண்டாம், உங்களுக்கு 24யூ போதும். அகலத்தில் மட்டும் 600-க்குப் பதில் 800 கிடைத்தால் அதைக் கேளுங்கள். தூணுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவே கிடைக்கிற அந்த இடத்தில்தான் கேபிள் கீழே இறங்கும். அது இல்லாவிட்டால் கேபிள் எல்லாம் சர்வரின் முதுகில்தான் ஏறும்.

யூ.பி.எஸ்., பேட்டரி எல்லாம் அடியில். சர்வர் அதற்கு மேல். பேட்ச் பேனல் உச்சியில். ரேக் சாயாமல் தாங்குகிற முன்கால் கட்டையை மறக்காமல் மாட்டுங்கள். ரெயிலில் ஒரு சர்வர் முழுசாக வெளியே வந்து நிற்கும்போது இன்னொன்றை இழுக்கக் கூடாது, ரேக் முன்னால் சாயும்.

தூக்குவதற்கு முன் டிஸ்க்கையும் பவர் சப்ளையையும் உருவிவிட்டால் எடை நன்றாகக் குறையும். உருவும்போதே ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் இட எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள்.

5 ஜூன், காலை 7.50

நேற்று 1000 மி.மீ. என்று எழுதியது எனக்கே உறுத்திக்கொண்டிருக்கிறது. திருத்திக்கொள்கிறேன்: 1200 வாங்குங்கள், இல்லையென்றால் 1070 ஆவது.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் முதல் ரேக் 1000 ஆழம். சர்வர் 720, கணக்குப்படி தாராளமாக இடம். பின்பக்கத் தூணோரமாக நெட்டுக்குத்தாக ஒரு பி.டி.யு. (ரேக்குக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற சாக்கெட் பட்டை) மாட்டினோம். அதன் பிளக்குகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டு சர்வரின் பவர் சப்ளை கைப்பிடிக்கு நேராக வந்து நின்றன. பவர் சப்ளை கெட்டால் உருவி மாற்றலாம் என்பதற்காகத்தான் இரண்டு போட்டு வாங்குகிறோம். எங்களால் பி.டி.யு.வைக் கழற்றாமல் அதை உருவ முடியாது. அதுபோக பின்கதவு ஆறு மாதம் மூடவே இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம்.

ஆகவே தாளில் பின்பக்கத்தை வரைந்து பாருங்கள். எல்லோரும் முன்பக்கம்தான் வரைகிறார்கள். எதைக் கழற்றினாலும் இன்னொன்றைத் தொடாமல் கழற்ற வேண்டும், அதற்கு எது குறுக்கே வருகிறது என்று பின்பக்கப் படத்தில்தான் தெரியும். இந்த இழையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்.

9 ஜூன், காலை 10.15

ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் பற்றி நிதானமாக எழுதலாம்.

சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று ஏ பக்கம், மற்றது பி பக்கம். ஏ ஒரு யூ.பி.எஸ்.ஸிலிருந்து, பி இன்னொரு யூ.பி.எஸ்.ஸிலிருந்து வர வேண்டும். இரண்டு பவர் கார்டையும், அதாவது ஒயரையும், ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகி வைத்திருக்கிற இடங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஸ்பைக் பஸ்டரின் சுவிட்சில் கால் பட்டால் இரண்டும் சேர்ந்து போகும். ஸ்பைக் பஸ்டரே ரேக்குக்குள் வரக் கூடாது. யூ.பி.எஸ். ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு பி.டி.யு. வாங்குங்கள். சர்வரின் சி13 கார்டு 10 ஆம்பியருக்கு, பெரிய சி19 கார்டு 16 ஆம்பியருக்கு. உங்கள் சர்வருக்குப் பெரும்பாலும் சி13தான்.

அப்புறம் கணக்கு. இதை நான் தெரிந்துகொண்டது 2016-இல். இரண்டு யூ.பி.எஸ்., ஏ பக்கம் 62 சதவீதம், பி பக்கம் 58 சதவீதம் லோடு. இரண்டும் பச்சை விளக்கு, நிம்மதியாக இருந்தோம். ஒரு ராத்திரி ஏ பக்கத்தில் பேட்டரி போயிற்று. 62-ம் 58-ம் சேர்ந்து 120 ஆக பி-யின் தலையில் இறங்கியது, அதுவும் அணைந்தது. மறுநாள் காலை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், இன்வாய்சும் பேக்கிங் லிஸ்டும் சர்வருக்குள். இரண்டு யூ.பி.எஸ். வாங்கியும் ஒன்று இருப்பதைவிட மோசமான நிலை. ஒவ்வொரு பக்கமும் 40 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் கணக்கு. ஒன்று போனால் மற்றது 80-இல் நிற்கும்.

கார்டுகளுக்கு நிறம் வையுங்கள். ஏ பக்கம் சிவப்பு டேப், பி பக்கம் நீல டேப், இரண்டு முனையிலும். இரண்டு யூ.பி.எஸ்.ஸும் வெவ்வேறு ஃபேசில் இருந்தால் அதை ரேக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒரே ரேக்குக்குள் 230 வோல்ட் இரண்டு இருக்கிறது என்று நினைத்துக் கை வைப்பவருக்கு, ஃபேசுக்கும் ஃபேசுக்கும் நடுவே 400 வோல்ட் இருப்பது தெரியாது.

9 ஜூன், காலை 11.00

எர்த். யூ.பி.எஸ். ஆள் வரும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்றால் நல்லது. எங்களிடம் ஒரு சித்திரையில் 9 வந்தது. போய்ப் பார்த்தால் எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, வாராவாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தோம், இறங்கிவிட்டது. கல்லூரியில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிகிறதா, விசாரியுங்கள்.

10 ஜூன், இரவு 9.20

தம்பியின் கேள்வி: “ரூமில் 1.5 டன் ஏ.சி. இருக்கிறது, போதுமா?”

600 வாட் இழுக்கிற சர்வர் 600 வாட் சூட்டைத்தான் வெளியே விடும். 1 டன் ஏ.சி. சுமார் 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். அளவு தாராளமாகப் போதும். நான் கேட்பது வேறு. சாயங்காலம் 5 மணிக்குக் கல்லூரி பூட்டும்போது அந்த ஏ.சி.யை யாராவது அணைத்துவிட்டுப் போவார்களா? கரண்ட் போய் வந்தால் அது தானே ஓடத் தொடங்குமா? சர்வர் முன்முகத்தில் 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. ஏப்ரல் மாத ஞாயிறில் பூட்டிய ரூமில் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

காலியாக இருக்கிற யூக்களை வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் போன சூடு அந்த ஓட்டை வழியாக முன்னால் வந்துவிடும்.

எங்களுடையதோ பனியன் கம்பெனி. எங்களுக்குச் சூட்டைவிடப் பஞ்சுதான் தொல்லை. நிட்டிங் ஹாலுக்கும் சர்வர் ரூமுக்கும் நடுவே இரண்டு கதவு இருக்கிறது. அப்படியும் மூன்று மாதத்தில் சர்வரின் முன்சல்லடையில் பஞ்சு ஒரு மெல்லிய துணி மாதிரி படிந்து நிற்கும், விரலால் உரித்து எடுக்கலாம். கல்லூரியில் சாக்பீஸ் தூள் இருக்குமா, இப்போது எல்லாம் வெள்ளைப் பலகைதானோ.

12 ஜூன், இரவு 11.10

இனி நெட்வொர்க் கேபிள். இதைத்தான் தம்பி முதலில் கேட்டார்.

நான் செய்த பெரிய தவறு நீளத்தில். வசதியாக இருக்கட்டும் என்று எல்லாப் பேட்ச் கார்டும் (இரண்டு முனையிலும் பிளக்கோடு வருகிற ரெடிமேட் கேபிள்) 3 மீட்டரில் வாங்கினேன். ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் நடுவே தேவைப்பட்டது 1 மீட்டர். மீதி எல்லாம் சுருட்டிச் சுருட்டி சர்வரின் பின்னால் தொங்கியது. இரண்டு வருடத்தில் அவரைக்கொடி மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் பழைய சர்வரைக் கழற்றப் போய், கொடிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் கேபிளைப் பிடித்து இழுத்தேன். வந்தது பக்கத்து சர்வரின் ஸ்டோரேஜ் கேபிள். அன்று சாயங்காலம் வரை டேட்டாபேசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

நூல் கட்டி அளக்க வேண்டும். சர்வர் போர்ட்டிலிருந்து பக்கத் தூண், தூண் வழியாக மேலே, அங்கிருந்து ஸ்விட்ச் போர்ட். அதோடு ஒரு சாண் சேர்த்துக்கொண்டு, அதற்கு அடுத்த அளவில் வாங்குங்கள். அரை மீட்டர், 1, 1.5, 2 எல்லாம் கிடைக்கிறது.

பின்னாலிருந்து பார்க்கும்போது பவர் ஒரு பக்கம், டேட்டா மறு பக்கம். கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளை அதன் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடிக்காதீர்கள். 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) வேகத்தில் ஓட்டுவதென்றால் கேட் 6 சுமார் 55 மீட்டர் வரைதான், 100 மீட்டருக்குக் கேட் 6ஏ வேண்டும். ரேக்குக்குள் அது கவலையில்லை, லேபுக்குப் போகும் லைனில் கவலை. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மாடியூல் சொருகுகிற எஸ்.எஃப்.பி. போர்ட் இருந்தால் 1 மீட்டர் டி.ஏ.சி. என்ற ரெடிமேட் கேபிள் போதும், இரண்டு முனையிலும் மாடியூல் அதிலேயே இருக்கும்.

ரேக்குக்குள் கையால் பிளக் மாட்டிக் கிரிம்ப் பண்ணாதீர்கள், தொழிற்சாலையில் செய்த கார்டு வாங்குங்கள். பெட்டியில் சுருளாக வருகிற கேபிள் சுவருக்குள் ஓடுவதற்கு. உள்ளே ஒற்றைக் கம்பி, அடிக்கடி வளைத்தால் ஒடியும். அந்தப் பெட்டிக் கேபிள் வாங்கும்போதும் ஒரு சோதனை: கம்பியின் மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். விலை பாதி என்று ஆசை காட்டுவார்கள். ஒரு மாடி முழுக்க அதை இழுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிய வேதனை எனக்கு உண்டு.

13 ஜூன், காலை 6.45

லேபிள் பற்றி எழுதாமல் தூங்கிவிட்டேன். இரண்டு முனையிலும் ஒட்டுங்கள், இரண்டிலும் ஒரே எழுத்து. “சர்வர்1 போர்ட்2 – ஸ்விட்ச்1 போர்ட்14”. எந்த முனையைப் பிடித்தாலும் மறுமுனை எங்கே என்று தெரிய வேண்டும். சொருகுவதற்கு முன் ஒட்டுங்கள். சொருகிய பின் ஒட்டலாம் என்று விட்ட எதுவும் எங்கள் ரேக்கில் இதுவரை ஒட்டப்படவில்லை.

கேபிளைக் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டேக் வேண்டாம், வெல்க்ரோ. டேக்கை இறுக்கினால் கேபிள் நசுங்கும், வெட்டும்போது பக்கத்துக் கேபிளும் சேர்ந்து வெட்டுப்படும்.

13 ஜூன், இரவு 10.00

தம்பியின் கேள்வி: “ரெயில் பெட்டிக்குள் மடங்குகிற கை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதையும் மாட்டவா?”

கேபிள் கை. சர்வரை முன்னால் இழுத்தால் கேபிளோடு சேர்ந்து நீளும், தள்ளினால் மடங்கும். பார்க்க அழகு. நான் சில வருடம் மாட்டினேன், பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பின்னால் சூடு போகும் வழியை அது மறைக்கிறது, பவர் சப்ளையை உருவவும் குறுக்கே நிற்கிறது. வேண்டாம்.

14 ஜூன், காலை 8.30

மேலே சொன்னதை யோசித்துப் பார்த்தேன். என்னிடம் சர்வர்கள் பல. ஒன்றை அணைத்தால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், ஆகவே கேபிளை எல்லாம் கழற்றிவிட்டு வெளியே இழுக்கலாம். தம்பியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. தேர்வு நடக்கிற நாளில் ஒரு ஃபேன் போனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இழுத்து மாற்ற வேண்டி வரும். அவருக்கு அந்தக் கை உதவும். ரேக் 1200 ஆழம் என்றால் மாட்டுங்கள். மாட்டியபின், ஸ்விட்ச் ஆன் செய்வதற்கு முன், சர்வரை முழுசாக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். எந்தக் கேபிள் விறைக்கிறது என்று பின்னால் நிற்பவர் சொல்வார்.

15 ஜூன், இரவு 9.00

மேனேஜ்மென்ட் போர்ட். சர்வரைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்துவதற்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கும், ஒரு கம்பெனி ஐடிராக் என்பார்கள், இன்னொரு கம்பெனி ஐலோ. சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். அதற்கு ஒரு கேபிள் கட்டாயம் போடுங்கள். அது இல்லாத காலத்தில் ஒரு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவதற்காக மழையில் ராத்திரி 2 மணிக்கு பைக்கில் போயிருக்கிறேன். பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். மாணவர்கள் இருக்கும் நெட்வொர்க்கில் அதை விடாதீர்கள், இன்டர்நெட்டுக்கு நேரே காட்டவே காட்டாதீர்கள்.

22 ஜூன், பிற்பகல் 2.10

தம்பி எழுதியது: “ரேக் வந்துவிட்டது அண்ணா, 1200 ஆழம். சர்வர் ஏறிவிட்டது. மாஸ்கிங் டேப் நன்றாக உதவியது. ஆனால் கேபிள் போட்ட பத்தாவது நிமிடம் கல்லூரி முழுக்க நெட்வொர்க் நின்றுவிட்டது. ஸ்விட்ச் விளக்கெல்லாம் ஒரேயடியாகப் படபடவென்று துடிக்கிறது.”

ஏதோ ஒரு கார்டின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் இருக்கிறது. உள்ளே போன செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகிக்கொண்டே போகும். கடைசியாகச் சொருகியதை ஒவ்வொன்றாக உருவுங்கள்.

22 ஜூன், மாலை 4.45

கிடைத்துவிட்டதாம். பழைய ரேக்கில் ஒரு முனை சொருகி மறுமுனை சும்மா தொங்கிய கார்டு ஒன்று இருந்திருக்கிறது. உதவிக்கு வந்த மாணவன் ‘கழன்றுவிட்டது போல’ என்று நினைத்துக் காலி போர்ட்டில் சொருகிவிட்டான். அந்தப் பையனைத் திட்டாதீர்கள் தம்பி, தொங்கவிட்டவர் மேல்தான் தப்பு. ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ என்ற வசதியை ஆன் செய்யுங்கள், இனிமேல் இப்படி நடந்தால் அந்தப் போர்ட்டை அதுவே அடைத்துவிடும். ஒரு முனை மட்டும் சொருகிய கேபிள் எதையும் ரேக்கில் விடாதீர்கள்.

23 நவம்பர் 2024, இரவு 8.30

ஐந்து மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து செய்தி. தீபாவளி லீவில் ஏ பக்கத்து எம்.சி.பி.யை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்திருக்கிறார். சர்வர் நிற்கவில்லை, ஆனால் ஸ்விட்ச் நின்றுவிட்டது. அதற்கு ஒரே பவர் சப்ளை, அது ஏ பக்கம். சர்வர் உயிரோடு இருந்தும் யாராலும் அதை எட்ட முடியவில்லை. இதைப் பற்றி நான் மேலே எங்குமே எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். ஒற்றைக் கார்டு உள்ள பெட்டிகளுக்கு, இரண்டு பக்கமும் வாங்கி ஒன்று போனால் மற்றதுக்குத் தானே மாறுகிற ஏ.டி.எஸ். என்ற சின்னச் சாதனம் ஒன்று உண்டு, 1யூதான். அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. எங்கள் ரேக்கிலும் பி பக்கத்தை இறக்கிப் பார்க்கப்போகிறேன். போன முறை பார்த்து ஏழு மாதமாகிவிட்டது, நடுவில் இரண்டு ஸ்விட்ச் புதிதாக வந்திருக்கிறது.